மேய்ச்சல் காட்டில் குளோவர்

1. மூட்டைகள் வந்த நாள்

எண்பதுகளின் நடுவில் ஒரு புரட்டாசி மாதம். ராஜபாளையத்தில் எங்கள் அலுவலக வாசலுக்கு ஒரு லாரி வந்து பதினெட்டு மூட்டை புல் விதையை இறக்கிவிட்டுப் போனது. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பசுவின் படம் அச்சடித்திருந்தது. பசு வயிறு வரைக்கும் புல்லில் மூழ்கி நின்றது. அதற்குப் பின்னால் பனி மூடிய மலை. அந்தப் பனியைப் பார்த்தபோதே எங்களில் ஒருவருக்காவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூட்டைகளை எண்ணி அடுக்கிவிட்டு டீ குடிக்கப் போனோம்.

நான் வேலை பார்த்தது கிராமங்களில் பால் வாங்கும் ஓர் அமைப்பு. அதில் தீவன அபிவிருத்திப் பிரிவு என்று ஒன்று உண்டு. பிரிவு என்றால் மேலாளர், நான், ஒரு ஜீப். மாடு வைத்திருப்பவர்களுக்குப் புல்லும் பயறு வகைத் தீவனமும் வளர்க்கக் கற்றுக்கொடுப்பது எங்கள் வேலை. எனக்கு விவசாய டிப்ளமோ இருந்தது. மாடு இல்லை. மேலாளருக்குப் பட்டம் இருந்தது. அவருக்கும் மாடு இல்லை.

மேலாளர் பெயர் வரதராஜன். எங்களிடம் வருவதற்கு முன்னால் எட்டு வருஷம் ஊட்டியில் வேலை பார்த்தவர். உடம்பு மட்டும்தான் மாற்றலாகி வந்திருந்தது. மார்கழி மாதம் ராஜபாளையம் பஜாரில் ஸ்வெட்டர் போட்டு நடந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

மூட்டைகளுக்கு முன்னால் நின்று எனக்கு அவர் பாடம் நடத்தினார்.

"ஞானராஜ், இதுதான்யா கலப்புப் புல்வெளி. புல்லு ரை கிராஸ், பயறு ஒயிட் குளோவர். புல்லு வயித்தை நிரப்பும், குளோவர் புரோட்டீன் கொடுக்கும். குளோவர் வேர்முடிச்சுல சேர்ற நைட்ரஜன் புல்லுக்கும் போகும். யூரியாவே வேண்டாம்."

தத்துவம் சரி. அதில் இன்றைக்கும் எனக்குக் குறை இல்லை. புல்லை மட்டும் தின்னும் மாட்டுக்கு வயிறு நிறையும், பால் ஏறாது. பயறு வகையை மட்டும் தின்னும் மாட்டுக்கு வயிறு உப்பும். இரண்டையும் கலந்து வளர்த்தால் மாட்டுக்கும் நல்லது, மண்ணுக்கும் நல்லது. கேள்வி எந்தப் புல், எந்தப் பயறு என்பதுதான்.

"சார், பங்குனி சித்திரை வெயிலை இது தாங்குமா?"

"ஊட்டியில நானே வளர்த்திருக்கேன்."

"அது ஊட்டி சார்."

"விதைக்கு ஊர் தெரியுமாய்யா?"

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். விதைக்குத்தான் ஊர் தெரியும், மேலாளர்களுக்குத்தான் தெரியாது. ஆனால் எனக்கு அப்போது வயது இருபத்தேழு. வேலை நிரந்தரமாகவில்லை. "தெரியாது சார்" என்றேன்.

விதையோடு கறுப்புப் பொடி பாக்கெட்டுகள் ஒரு பெட்டி வந்திருந்தன. குளோவர் விதையில் கலக்க வேண்டிய வேர்முடிச்சு பாக்டீரியா. குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்று பெட்டியின் நாலு பக்கமும் எழுதியிருந்தது. ஸ்டோர்கீப்பர் அதைத் தகரக் கொட்டகையில் மூன்று வாரம் வைத்திருந்தார். மத்தியானத்தில் அந்தக் கொட்டகைக்குள் வெறுங்காலோடு நிற்க முடியாது. பாக்டீரியா என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து கணக்குப் பார்த்து, 'நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டது நான்.

2. ஊர்க்கூட்டம்

விதை வந்துவிட்டது, இனி நிலம் வேண்டும். வன்னியம்பட்டியைத் தாண்டி உள்ளே போனால் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊருக்குப் பன்னிரண்டு ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு இருந்தது. செம்மண்ணும் சரளையுமான மேட்டு நிலம். ஊர் மாடுகள் எல்லாம் அங்கேதான் மேயும். ஊர்ப் பேச்சில் அது காடு. வரதராஜன் ஜீப்பிலிருந்து இறங்காமலே அதைப் பார்த்தார். "வேஸ்ட் லேண்ட்" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

பஞ்சாயத்துக் கட்டடத்தில் கூட்டம் போட்டோம். மேலாளர் சொன்னதை ஊர்ப் பேச்சில் எடுத்துச் சொல்வது என் வேலை. ஒரு வருஷம் நிலத்தை எங்களிடம் விடுங்கள், உழுது விதைத்து முள்கம்பி வேலி போட்டுத் தருகிறோம், அதுவரை மாடு உள்ளே போகக் கூடாது, அடுத்த வருஷம் கழுத்தளவு புல் நிற்கும் என்றேன். கழுத்தளவு என்று மேலாளர்கூடச் சொல்லவில்லை. மூட்டையில் இருந்த பசு வயிறு வரைக்கும்தான் நின்றது. கழுத்து என் சொந்தச் சரக்கு.

கூட்டத்தில் ராமலட்சுமி என்று ஒரு பெண் எழுந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கறவைப் பசுவும் ஒரு கிடாரியும் வைத்திருந்தார். புருஷன் மில்லில் வேலை பார்த்து நுரையீரல் கெட்டு வீட்டோடு கிடந்தார். காலையும் மாலையும் ஊற்றுகிற பாலில்தான் குடும்பம் ஓடியது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்களிடம் தமிழில் பேசினார்.

"ஒரு வருசம் எங்க மாடு எங்க மேயும்?"

வரதராஜன் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். "வைக்கோல் போட்டுச் சமாளிச்சுக்கிடுங்க அக்கா. ஒரு வருசம்தானே."

"வைக்கோலு யாரு தருவா, நீங்களா?"

கூட்டத்தில் சிரிப்பு. பஞ்சாயத்துத் தலைவர் "அந்தம்மா எப்பவும் இப்படித்தான் சார்" என்று சொல்லி அமர்த்தினார். ராமலட்சுமி உட்காரவில்லை.

"காட்டுல இப்பொ என்ன வெளைஞ்சு கெடக்குன்னு பாத்தீயளா தம்பி? பாக்காமலே உழணும்ங்கீய."

"பாத்தோம் அக்கா" என்றேன். ஜீப்பில் இருந்து பார்த்ததும் பார்த்ததுதானே.

தலைவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். மறுவாரம் டிராக்டர் போனது.

3. முளைத்ததும் காய்ந்ததும்

ஐப்பசி மழை நன்றாக விழுந்தது. குளோவர் விதை கசகசா அளவுதான் இருக்கும். அதை மணலில் கலந்து ஆட்களை வைத்துத் தூவினோம். பத்தாம் நாள் பச்சை தெரிந்தது. கார்த்திகையில் நிலம் முழுக்க மெல்லிய ரோமம் போலப் புல் எழுந்தது. நடுநடுவே மூன்று மூன்று இலையாகக் குளோவர். உண்மையைச் சொல்ல வேண்டும், பார்க்க அழகாக இருந்தது. வரதராஜன் தரையில் மண்டியிட்டுப் படம் எடுத்துக்கொண்டார். மார்கழிப் பனியில் அது இன்னும் செழித்தது. அவர் ஸ்வெட்டரோடு அதன் நடுவில் நின்றபோது மனிதரும் பயிரும் ஒரே ஊர்க்காரர்களாகத் தெரிந்தார்கள்.

தை பாதியில் பனி விலகியது. குளோவர் இலை ஓரம் சுருண்டது. மாசி பிறந்ததும் ரை கிராஸ் வைக்கோல் நிறத்துக்குப் போனது. மாசி முடிவதற்குள் பன்னிரண்டு ஏக்கரும் வெறும் தரை. உழுது பொடியாக்கிய செம்மண் காற்றில் எழுந்து ஊருக்குள் போய் விழுந்தது. சோற்றில் மண் விழுகிறது என்று பெண்கள் வந்து சொன்னார்கள். நான் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொள்வதில் எங்கள் பிரிவை யாரும் மிஞ்ச முடியாது.

அந்த நாட்களில் ஒரு காலை வேலியைச் சுற்றி நடந்தேன். ஒன்று கண்ணில் பட்டது. கம்பி ஓரமாக டிராக்டர் திரும்ப முடியாமல் விட்ட இடம், நாலடி அகலத்துக்கு நீளமாக ஒரு பட்டை. அதில் மட்டும் பச்சை இருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். கொழுக்கட்டைப் புல் தூர்தூராக நின்றது. அதன் காலடியில் செப்பு நெருஞ்சி படர்ந்து சிவப்பாகப் பூத்திருந்தது. நரிப்பயறு கொடி புல்லின்மேல் ஏறியிருந்தது. செப்பு நெருஞ்சியும் நரிப்பயறும் பயறு வகை. அதாவது புல்லும் பயறும் கலந்த மேய்ச்சல். யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், மாசி வெயிலில் அது நின்றுகொண்டிருந்தது. கலப்புத் தீவனம் வளர்ப்பதற்காக ஏற்கெனவே வளர்ந்திருந்த கலப்புத் தீவனத்தை உழுது கொன்றிருக்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. டிப்ளமோ வாங்கி ஆறு வருஷம் கழித்து.

அந்தப் பச்சை எனக்குத் தெரிவதற்கு முன்பே மாடுகளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு நாள் கழித்து ராமலட்சுமியின் கறவைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து அந்தப் பட்டைக்காக முள்கம்பிக்குள் புகுந்தது. முன்னங்கால் உள்ளே போய்விட்டது. மடி கம்பியில் மாட்டிக்கொண்டது. நான் போய்ச் சேர்ந்தபோது நாலு பேர் சேர்ந்து கம்பியை அறுத்து அதை வெளியே எடுத்திருந்தார்கள். இரண்டு காம்பு கிழிந்து தொங்கியது. ராமலட்சுமி அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் என்னவோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

டாக்டரைக் கூட்டிவந்து தையல் போட்டோம். சீழ் பிடித்தது. இரண்டு காம்பும் அடைத்துப்போயின. பால் பாதியாகக் குறைந்து, பிறகு அதுவும் இல்லாமல் போனது. சித்திரையில் கேரளா போகிற லாரியில் அந்த மாடு ஏறியது. கறவைக்கு வாங்கிய மாட்டை அந்த லாரியில் ஏற்றினால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

மடி கிழிந்த அன்றே நான் வரதராஜனிடம் போய்ச் சொன்னேன். அவர் ஃபைலிலிருந்து தலை தூக்கவில்லை.

"வேலி போட்டிருக்கோம்ல? மாட்டைக் கட்டி வைக்க வேண்டியது அவங்க பொறுப்பு."

"சார், உள்ள பயிரே இல்லை. வேலி எதைக் காக்குது?"

"ஸ்கீமை" என்றார்.

4. ஆய்வுக்குழு

பங்குனியில் தந்தி வந்தது. விதை கொடுத்த வெளிநாட்டு உதவித் திட்டத்தின் சார்பில் ஒரு வெள்ளைக்கார நிபுணரும் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு அதிகாரிகளும் கலப்புப் புல்வெளியைப் பார்வையிட வருகிறார்கள். நாலு நாள்தான் இருந்தது.

வரதராஜன் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மலையடிவாரத் தென்னந்தோப்புல ஈரத்துல ஒரு பூண்டு இருக்குமே, மூணு இலையா, சின்னதா?"

"புளியாரையா சார்?"

"பேரு எதுக்கு? பாக்க எப்படி இருக்கும்?"

குளோவர் மாதிரியே இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது. ரை கிராஸுக்குப் பதில் கண்மாய்க் கரையில் கிடைக்கிற நீர்ப்புல். வண்டிப்பாதை பக்கமாக இருபது அடிக்கு இருபது அடி. ஜீப் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் பச்சையாகத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் உத்தரவு.

ஊர்ப் பெண்களையே கூலிக்கு வைத்தோம். ஈரச் சாக்கில் சுருட்டிக் கொண்டுவந்த புளியாரையை மண்ணோடு பதித்தோம். டேங்கர் வண்டியில் தண்ணீர் ஊற்றினோம். அந்த ஊரில் குடிக்கிற தண்ணீருக்கே பெண்கள் ஒரு கிலோமீட்டர் நடந்துகொண்டிருந்த மாதம் அது. நட வந்தவர்களில் ராமலட்சுமியும் இருந்தார். அவருக்கு அந்தக் கூலி தேவையாக இருந்தது.

ஒரு கொத்தை எடுத்து மோந்து பார்த்தார்.

"தம்பி, இது புளியாரையில்லா. தொவையலுக்கு ஆவும். இத எதுக்கு இங்க கொண்டாந்து நடுதீய?"

"நடுங்க அக்கா. மேல சொல்லியிருக்காவ."

"ஏட்டி, செவந்தி" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார். "நல்லா ஊனு. நாளைக்கு வாரவிய தொவையல் அரைக்கப் போறாவளாம்."

பெண்கள் சிரித்துக்கொண்டே நட்டார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றேன்.

மறுநாள் இரண்டு கார் வந்தது. தலைமை அலுவலக அதிகாரிகள் இருவரும் பாதையிலேயே நின்று "ஃபென்டாஸ்டிக்" என்றார்கள். ஒருவர் ஷூவில் சேறு படாமல் இருக்கக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். அவர் பார்த்த ஒரே ஈரம் அது, அதைக்கூட வேண்டாம் என்று நினைத்தார்.

வெள்ளைக்காரர் மட்டும் உள்ளே நடந்தார். குனிந்து ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டார். மென்றார். முகம் புளிப்பில் லேசாகச் சுருங்கியது. நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து குளோவரைப் பார்த்து வளர்ந்த மனிதர், அவரை ஏமாற்ற முடியாது என்று எனக்கு அந்த நொடியில் புரிந்தது. இப்போது கேட்பார், எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அவர் கேட்கவில்லை. இலையைத் துப்பிவிட்டுக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லாரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்கினார்கள். இரண்டு மாதத்தில் அறிக்கை வந்தது. 'நம்பிக்கையூட்டும் தொடக்கம். திட்டத்தை மேலும் மூன்று கிராமங்களுக்கு விரிவுபடுத்தலாம்.' அந்த மனிதருக்கும் மேலே ஒரு வரதராஜன் இருந்திருக்க வேண்டும்.

5. முத்தையாவின் கேள்வி

விரிவாக்கத்தின் முதல் கூட்டம் சேத்தூர்ப் பக்கத்தில் ஒரு ஊரில். ஆடி மாதக் காற்று. கோயில் முன்னால் பந்தல் போட்டு முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வரதராஜன் கார்த்திகையில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார். கைமாற்றிக் கைமாற்றி எல்லாரும் பார்த்தார்கள். பச்சைப் பசேலென்று இருந்தது. படத்தில் பொய் இல்லை. கார்த்திகையில் அப்படித்தான் இருந்தது.

நான் பழைய பேச்சைத் தொடங்கினேன். ஒரு வருஷம், உழவு, வேலி. கழுத்தளவு என்று மட்டும் இந்தத் தடவை சொல்லவில்லை.

நாற்பது செம்மறி வைத்திருந்த முத்தையா என்பவர் கடைசி வரிசையில் இருந்தார். படத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. இப்பொ அந்தக் காடு எப்படி இருக்கு சார்?"

சாதாரணக் கேள்வி. மரியாதையாகத்தான் கேட்டார். வரதராஜன் என் பக்கம் திரும்பி, "சொல்லுய்யா" என்றார்.

எனக்கு முன்னால் இரண்டு முகம் வந்தது. கம்பியோரம் மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ராமலட்சுமி ஒன்று. இலையைத் துப்பிவிட்டுப் போன அந்த நிபுணர் இன்னொன்று. அவரை நான் நாலு மாதமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அவர் நின்ற இடத்தில் நான் நிற்கிறேன்.

"ஒண்ணுமில்லை" என்றேன். "மாசியிலேயே காஞ்சுபோச்சு. ஒரு செடி இல்லை. ஆய்வுக்கு வந்தவங்களுக்கு நாங்க காட்டினது புளியாரை."

வரதராஜன் எழுந்து போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார். யாராவது பாராட்டுவார்கள் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. முத்தையா எழுந்து வந்து படத்தை என் முன்னால் மேசையில் வைத்தார்.

"அப்பொ எங்ககிட்ட எதுக்கு வந்தீய?"

நான் மற்றப் படங்களை வாங்கி அடுக்கினேன்.

"சரி. அந்த ஊருக்காரவககிட்ட இதச் சொல்லிட்டீயளா?"

"இல்லை."

"மொதல்ல அங்க போயிச் சொல்லுங்க. பொறவு இங்க வாங்க."

ஜீப் எனக்காகக் காத்திருக்கவில்லை. சேத்தூர் வரைக்கும் நடந்து வந்து பஸ் ஏறினேன்.

மறுநாள் வன்னியம்பட்டி பஸ்ஸில் போய் இறங்கி, அந்த ஊரில் ஏழெட்டுப் பேரைக் கூட்டிவைத்து நடந்ததை எல்லாம் சொன்னேன். பாக்டீரியா பெட்டியிலிருந்து புளியாரை வரைக்கும். ஜீப்பில் உட்கார்ந்தே நிலத்தைப் பார்த்ததையும் சொன்னேன். ராமலட்சுமி முழுசாகக் கேட்டார்.

"எங்களுக்குத் தெரியாதா தம்பி? நட்டதே நாங்கதானே. நீங்க எப்பொ வாயத் தொறப்பீயன்னுதான் பாத்துக்கிட்டிருந்தோம்."

அவர்களுக்கு என்னால் உபயோகமாகச் சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்று. ஒப்பந்தத்தை டைப் அடித்தவன் நான். நிலம் ஒரு வருஷத்துக்குத்தான் எங்களிடம். நிலம் பஞ்சாயத்துடையது. கம்பியும் கல்தூணும் மட்டுமே அலுவலகத்துச் சொத்து. புரட்டாசியோடு கெடு முடிகிறது.

புரட்டாசி முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு மூன்று மாட்டுவண்டி எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. சுருள் சுருளாக முள்கம்பி, அடுக்கடுக்காகக் கல்தூண். வண்டிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள். வரதராஜன் வெளியே வந்தார்.

"யாரைக் கேட்டுப் பிரிச்சீங்க? கவர்மெண்ட் ப்ராப்பர்ட்டி."

"அதுனாலதான் பத்திரமா கொண்டாந்திருக்கோம்" என்றார் ராமலட்சுமி. "எண்ணிப் பாத்துக்கிடுங்க. ரெண்டு எடத்துல கம்பி அறுந்திருக்கும். எம் மாட்ட எடுக்க அறுத்தது. வாங்கிக்கிட்டோம்னு எழுதிக் குடுங்க."

வரதராஜன் எழுதிக் கொடுத்தார். வேறு என்ன செய்வார்? தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

எனக்கு மெமோ வந்தது. அலுவலக ரகசியத்தை வெளியிட்டது, மேலதிகாரியை அவமதித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த பால் குளிரூட்டு நிலையத்துக்கு மாற்றினார்கள். கேன் மூடியைத் திறந்து பால் புளித்திருக்கிறதா என்று மோந்து பார்க்கிற வேலை. தீவனப் பிரிவில் கற்றுக்கொண்டதைவிட அங்கே அதிகம் கற்றுக்கொண்டேன். பாலை மோந்து பார்த்தால் அது உடனே உண்மையைச் சொல்லிவிடும், அறிக்கை எழுதிக்கொண்டிருக்காது. வரதராஜனுக்கு இரண்டு வருஷத்தில் பதவி உயர்வு வந்தது.

6. ஞாயிற்றுக்கிழமைகள்

வேலி போய்விட்டால் காடு பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை. டிராக்டர் வேர்க்கட்டை எல்லாவற்றையும் புரட்டியிருந்தது. மேல்மண் காற்றோடும் மழையோடும் போயிருந்தது. அங்கங்கே கருவேலங்கன்று, எருக்கு. மாடுகள் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தன.

அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போய்விட்டு, சாப்பிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போக ஆரம்பித்தேன். பரிகாரம் என்றெல்லாம் பெரிய வார்த்தை வேண்டாம். வெட்கமாக இருந்தது, அதனால் போனேன்.

அந்த ஊர்ப் பெண்கள் மலையடிவாரத்திலிருந்து கொழுக்கட்டைப் புல் கதிர்களை உருவிக் கொண்டுவந்தார்கள். பயறு வகைக்கு ஓர் ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து முயல் மசால் விதை வாங்கி வந்தேன். வறட்சி தாங்கும், சரளையில் வரும், புல்லோடு சண்டை போடாது. மூன்று பங்கு புல், ஒரு பங்கு மசால் என்று கலந்து, இரண்டு ஏக்கரில் மழைக்கு முன்னால் தூவினோம்.

ஒன்றும் முளைக்கவில்லை. குளோவராவது முளைத்துத்தான் செத்தது.

காரணத்தைத் தேடிப் புத்தகத்தைப் புரட்டினால், படிக்கிற காலத்தில் நானே அடிக்கோடிட்டிருந்த பக்கத்தில் இருந்தது. கொழுக்கட்டைப் புல் விதை புதிதாக இருந்தால் முளைக்காது, மாதக்கணக்கில் கிடந்து உறக்கம் தெளிய வேண்டும். முயல் மசாலின் தோல் கடினம், வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டும். பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கிய விஷயம். மறந்துவிட்டது. வரதராஜனைக் கேலி செய்துகொண்டு திரிந்த என் லட்சணம் இது.

அடுத்த வருஷம் முந்தின வருஷ விதையைப் பானையில் போட்டு வைத்திருந்து எடுத்தோம். மசால் விதைக்கு ராமலட்சுமி வீட்டு வாசலில் தண்ணீர் கொதிக்க வைத்து, இறக்கி, செத்த நேரம் விட்டு, அதில் நாலு நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்து அவர் சொன்னார்.

"சோறு வடிக்கக்கூட இம்புட்டுப் பார்த்ததில்ல தம்பி."

இந்தத் தடவை உழவில்லை. கொத்தால் கீறி, தூவி, முள் கிளையை இழுத்து மூடினோம். முளைத்தது. முதல் வருஷம் மாடு விடாமல் கையால் அறுத்துப் போடுவது என்று ஊரே பேசி முடிவு செய்தது. வேலி இல்லை. வீட்டுக்கு ஒரு நாள் காவல். முறை தவறியவர்கள் வீட்டு வாசலில் போய்ப் பெண்கள் பேசிய பேச்சுக்கு முள்கம்பி எவ்வளவோ தேவலை.

மூன்றாம் வருஷம் முழங்கால் உயரம் வந்தது. கழுத்தளவு வரவில்லை. எந்தக் காலத்திலும் வராது. நடுவில் மசால் மஞ்சளாகப் பூத்தது. பழைய வேலி ஓரத்துப் பட்டையிலிருந்து செப்பு நெருஞ்சி தானாக உள்ளே நடந்து வந்தது. பன்னிரண்டு ஏக்கரும் மூடுவதற்குத் தொண்ணூறுகள் பிறந்துவிட்டன. ராமலட்சுமியின் கிடாரி மூன்று ஈற்று ஈன்றிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் அமைப்புக்கு அந்த நிலம் நினைவுக்கு வந்தது. பயிற்சிக்கு வருகிறவர்களை வேனில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கால்நடை விழா நடத்தி எனக்குச் சால்வை போடுவதாகச் சொன்னார்கள். ராமலட்சுமியையும் மேடைக்கு அழைத்துவரச் சொன்னார்கள். நான் போய்க் கூப்பிட்டேன். அவர் சாணி தட்டிக்கொண்டிருந்தார்.

"சால்வையா? எதுக்கு?"

"காட்டை மீட்டதுக்கு அக்கா."

"அன்னைக்கு அந்த டிராக்டரத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருந்தீயன்னா இம்புட்டு வேலையே இல்லையே" என்றார். கோபம் இல்லை. நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். "நீங்க போயி வாங்கிக்கிடுங்க. எனக்குப் பால் ஊத்தப் போகணும்."

நான் போனேன். சால்வையையும் வாங்கிக்கொண்டேன். பேசச் சொன்னபோது அவர் சொன்னதை அப்படியே மைக்கில் சொன்னேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். ஒரு மேய்ச்சல் நிலத்தில் எதையாவது விதைக்கத் தோன்றினால், முதலில் ஜீப்பை விட்டு இறங்குங்கள். மாடுகளின் பின்னால் நாலு நாள் நடங்கள். எதைக் கடிக்கிறது, எதை மோந்துவிட்டு விடுகிறது, பங்குனியில் எது மிச்சம் நிற்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகும் உழ வேண்டும் என்று தோன்றினால் உழுங்கள். நான் அந்த நாலு நாளை மிச்சம் பிடித்தேன். அதற்கு ஏழு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.